வெயர்ஹவுஸ் வேலையெண்டா எந்த மெசினில எண்டு முதல் கேளுங்கோ

அக்கா, உங்கட மெசேஜ் வாசிச்சன். மகன் ஏ எல் கொமர்ஸ் செய்துபோட்டு வீட்டில நிக்கிறான், டுபாயில வெயர்ஹவுஸ் வேலை இருக்கெண்டு ஏஜென்சிக்காரர் சொல்லுறார், காசைக் கட்டலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். கொஞ்சம் பொறுங்கோ. மூட்டை தூக்கிறவனுக்கும் வெயர்ஹவுஸ் வேலை எண்டுதான் சொல்லுவினம், பத்து மீற்றர் உயரத்தில பலட் ஏத்திறவனுக்கும் அதைத்தான் சொல்லுவினம், ரெண்டு பேருக்கும் சம்பளமும் ஒண்டில்லை ஆபத்தும் ஒண்டில்லை. அதால சம்பளம் எவ்வளவெண்டு கேக்கிறதுக்கு முதல், எந்த மெசின், எந்த மாதிரி ராக்கை எண்டு கேளுங்கோ. அதுக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆள் உங்கட பிள்ளையை எங்க கொண்டுபோய் விடப்போறார் எண்டு அவருக்கே தெரியாது.

தம்பியும் உந்தப் பேருகளைத் தெரிஞ்சு வச்சிருக்கவேணும், இன்ரவியூவில கட்டாயம் வரும். முதல் பலட். சாமான் அடுக்கிற மரத்தட்டு, பிளாஸ்ரிக்கிலையும் வரும். கனக்க இடத்தில 1200க்கு 1000 மில்லிமீற்றர், ஐரோப்பாவில 1200க்கு 800. ஏனைய எல்லாம் இந்த அளவை வச்சுத்தான், ராக்கையின்ர அகலம், போர்க்கின்ர (பலட்டுக்குக் கீழ விட்டுத் தூக்கிற இரும்புக் கையின்ர) நீளம், கொன்ரெயினருக்குள்ள எத்தினை வரும் எண்ட கணக்கு எல்லாம்.

ஹான்ட் பலட் ரக் எண்டுறது கையால பம் அடிச்சு இழுக்கிற வண்டி. ரெண்டு, ரெண்டரை தொன் மட்டும் தாங்கும், ஆனால் நிலத்தில இருந்து இருபது சென்ரிமீற்றர் அளவுதான் உயரும், தள்ளிக்கொண்டு போகலாமே ஒழிய மேல அடுக்கேலாது. அடுக்கவேணுமெண்டா ஸ்ராக்கர், அது பலட்டை மேல தூக்கி அடுக்கிற சின்ன மெசின். இந்த ரெண்டையும் வச்சுக்கொண்டு "போர்க்லிப்ட் ஒப்பரேற்றர் வேலை" எண்டு சொல்லி ஆள் எடுக்கிற இடங்களும் இருக்கு, அதைத்தான் நான் சொல்ல வந்தனான்.

நாங்கள் போர்க்லிப்ட் எண்டு சொல்லுறது கூடுதலா கவுன்ரர்பலன்ஸ். பின்னால பெரிய இரும்புப் பாரம், முன்னால போர்க். முற்றத்தில, லொறியில, கொன்ரெயினரில வேலை செய்யும், ஆனால் திரும்ப மூண்டரை நாலு மீற்றர் வழி வேணும். உள்ள ஒடுங்கின வழியில ஓடுறது ரீச் ரக், ஒப்பரேற்றர் பக்கவாட்டில பாத்தபடி இருப்பார், போர்க் முன்னுக்கு நீண்டு போய் பலட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வரும். கவுன்ரர்பலன்ஸ் ஓடினவனை ரீச் ரக்கில ஏத்தினா தடுமாறுவான், அதுக்கு வேற பயிற்சி. ஓடர் பிக்கர் ஆளையும் சேத்து மேல தூக்கும், உடம்பில பாதுகாப்பு ஹார்னஸ் (விழாமல் பிடிக்கிற பட்டி) போட்டுக்கொண்டு நிக்கவேணும். தம்பிக்கு உயரம் பயமோ? அதையும் இப்பவே கேளுங்கோ. குளிர்க்களஞ்சியமோ எண்டும் கேளுங்கோ, உறைஞ்ச சாமான் வைக்கிற இடம் சைபருக்குக் கீழ 18 பாகையில இருக்கும், எங்கட பெடியளுக்கு அது லேசில்லை.

இன்ரவியூவில நான் இருந்தால் ஒண்டுதான் கேப்பன், லோட் சென்ரர் எண்டா என்ன? மெசினில ஒரு தட்டு அடிச்சிருக்கும், 2500 கிலோ, 500 மில்லிமீற்றர் எண்டு. போர்க்கின்ர நிமிர்ந்த முகத்தில, அதாவது பாரம் வந்து முட்டுற இடத்தில இருந்து பாரத்தின்ர நடு 500 இல இருந்தால்தான் அந்த 2500. இப்ப 1200 நீளமான பலட்டை அந்த நீளம் போர்க்கின்ர நீளவாக்கில வரத் தூக்கினா நடு 600க்குப் போயிடும், அப்ப முழுப்பாரம் ஏத்தேலாது, உயரத்துக்குத் தூக்கத் தூக்க இன்னும் குறையும். ஓ எல் விஞ்ஞானத்தில படிச்ச விசையின் திருப்பம்தான் அக்கா, முன்சில்லு சுழலிடம், பின்னால இருக்கிற பாரம் மறுபக்கம். இதை ஒருத்தன் விளங்கிச் சொன்னால் அவனை வேலைக்கு எடுக்கலாம். பாரத்தோட சரிவில ஏறினாலும் இறங்கினாலும் பாரம் மேட்டுப்பக்கம் இருக்கவேணும், ஓடேக்க போர்க் நிலத்தோட தாழ்வா, மாஸ்ற், அதாவது போர்க் ஏறி இறங்கிற தூண், கொஞ்சம் பின்னுக்குச் சாய்ஞ்சபடி இருக்கவேணும், இதுகளும் கேப்பினம்.

ராக்கைகளில மகன்ர கொமர்ஸ் மூளைக்கு வேலை இருக்கு. செலெக்ரிவ் ராக்கையில ஒவ்வொரு பலட்டையும் நேர எடுக்கலாம், இடம் கூட வேணும். ட்ரைவ் இன் ராக்கைக்குள்ள மெசின் உள்ள போய் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடுக்கும், இடம் மிச்சம், ஆனால் கடைசியா வச்சதுதான் முதல் வெளிய வரும். கணக்கீட்டில முதல் வந்தது முதல் போறது எண்டு படிச்சிருப்பான், பால்மா மருந்து மாதிரி திகதி முடியிற சாமானை இப்பிடி ஒரு ராக்கைக்குள்ள கலந்து தள்ளினால் என்ன நடக்கும் எண்டு அவனுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை. பைப், மரம் மாதிரி நீளச் சாமானுக்குக் கன்ரிலீவர் ராக்கை, முன்பக்கம் தூண் இல்லாமல் கை மட்டும் நீட்டிக்கொண்டு நிக்கும். சுன்னாகத்திலயோ திருநெல்வேலியிலயோ ஒரு மொத்தக்கடை ஸ்ரோர்ஸில தெரிஞ்ச ஆள் இருந்தா, கொஞ்ச நாள் போய் நிக்கச் சொல்லுங்கோ. ராக்கை இருக்காது, மூட்டை அடுக்குத்தான், எண்டாலும் எது முன்னுக்கு எது பின்னுக்கு எண்டு கையால பழகலாம்.

என்ர அபிப்பிராயம், இவன் மெசின் ஓடுறதோட நிக்கக்கூடாது. மெசின் தெரிஞ்ச ஸ்ரொக் கீப்பருக்கு, ஸ்கானர் பிடிச்சுக் கொம்பியூட்டரில இருப்பைச் சரிபாக்கத் தெரிஞ்ச ஒப்பரேற்றருக்கு, ரெண்டு கதவும் திறந்திருக்கும். ஊரில முதல் தேசிய தொழில் தகைமை, அதுதான் என்விகியூ எண்டு சொல்லுறது, அதில போர்க்லிப்ட் சான்றிதழ் எடுக்கப் பாருங்கோ. படிப்பிக்கிற இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சதோ எண்டு காசு கட்ட முதல் பாக்கவேணும், ரெண்டு நாளில சேர்ட்டிபிக்கட் தாறம் எண்டால் அந்தப் பக்கமே போகாதேங்கோ. ஏற்கனவே வேலை தெரிஞ்ச பெடியள் நைட்டாவில (அரசாங்கத்தின்ர தொழில் பயிற்சி அதிகாரசபையில) முன் அனுபவத்தை வச்சும் மதிப்பீட்டுக்குப் போகலாம், உங்கட மகனுக்கு அது இப்ப சரிவராது.

ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கோ எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 க்கு அடிச்சுக் கேளுங்கோ. லைசன்ஸ் இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி எடுத்திருக்கினமோ எண்டும் கேளுங்கோ, கனபேர் இதில கோட்டை விடுகினம். பிறகு ஒப்பந்தப் பிரதியைக் கையில வாங்குங்கோ. அதில ஹெல்ப்பர் எண்டு போட்டிருந்தா வாயால என்ன சொன்னாலும் அவன் ஹெல்ப்பர்தான். பிரதி கிடைச்ச உடன எனக்கொரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ, வேலையின்ர பேர் இருக்கிற பக்கமும் சம்பளப் பக்கமும் தெளிவா விழட்டும்.