கியூபெக் மூதாதையரைத் தேடுவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி: என் மனைவி கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கொடிவழியை எந்தப் பதிவிலிருந்து தேடத் தொடங்கலாம்?

பதில்: திருமணப் பதிவிலிருந்து. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒவ்வொரு கோவிலுக்கும் உட்பட்ட வட்டாரங்களின்) திருமணப் பதிவில் பெரும்பாலும் இருவருடைய பெற்றோரின் பெயர்களும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் உட்பட, எழுதப்பட்டிருக்கும். எனவே ஒரு திருமணம் கிடைத்தால் முந்தைய தலைமுறைக்கு வழி கிடைத்துவிடும். 17-ஆம் நூற்றாண்டிலேயே பதிவேட்டின் ஒரு படி கோவிலிலும் மற்றொன்று நீதிமன்றத்திலும் வைக்கப்படத் தொடங்கியதால், கோவில் எரிந்த ஊர்களிலும் பதிவுகள் பல தப்பின. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அவற்றைக் குடும்பவாரியாக இணைத்து வைத்திருக்கிறது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கொடிவழிகளை மட்டும் நம்பாதீர்கள். பதிவைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: தந்தை 'மிவில்', மகன் 'தெஷேன்' என்று இருக்கிறது. ஒரே குடும்பம்தானா?

பதில்: ஒரே குடும்பம்தான். பழைய பதிவுகளில் 'மிவில் டி தெஷேன்' என்று காண்பீர்கள்; தெஷேன் என்றும் அழைக்கப்படும் மிவில் என்பது அதன் பொருள். இத்தகைய பெயர்கள் பல படையிலிருந்து வந்தவை. 1665-இல் வந்திறங்கிய பிரெஞ்சுக் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் ஏறத்தாழ 1,200 வீரர்களில் 400 பேர் அளவில் இங்கேயே குடியேறினார்கள். படையில் வழங்கிய லாஃப்லர், சான்சூசி போன்ற பட்டப்பெயர்கள் அவர்களோடு ஊன்றின. ஆயினும் எல்லா 'டி' பெயர்களும் படையிலிருந்து வந்தவை அல்ல. நிலத்தின் பெயர், பிறந்த ஊர், தந்தையின் இயற்பெயர் ஆகியவையும் அப்படி ஒட்டிக்கொண்டன. அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொண்டு பிரிந்த குடும்பங்கள் ஏராளம் என்பதால், இரண்டு பெயர்களிலும் தேடாதவர் பாதிக் குடும்பத்தை இழந்துவிடுவார்.

கேள்வி: பெயரில் 'து' (de) இருந்தால் பிரபு வம்சமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. விதிவிலக்கு உண்டு: 1669-இல் ஜாக் மிவிலை மணந்த கத்ரீன் து பையோன் உண்மையாகவே உயர்குடிப் பெண்.

கேள்வி: கியூபெக்கில் மணமான பெண்கள் கணவர் பெயரை ஏற்பதில்லை என்கிறார்கள். என் மாமியாருக்கு 1950-களில் வந்த கடிதங்களிலெல்லாம் கணவர் பெயர்தானே இருக்கிறது?

பதில்: கடிதம் ஊர் வழக்கத்தைக் காட்டும், பதிவேட்டைக் காட்டாது. சமூகத்தில் அவர் கணவர் பெயரால் அழைக்கப்பட்டிருப்பார். ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெண் பெரும்பாலும் பிறந்த பெயரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி (மற்றொருவர்): அப்படியானால் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் எதற்கு? இந்த வழக்கமே அந்தச் சட்டத்தால் வந்தது என்றுதான் நான் படித்தேன்.

பதில்: படித்தது பாதி உண்மை. மூன்று நூற்றாண்டுப் பதிவேடுகளைச் சட்டம் பின்னோக்கிச் சென்று எழுதவில்லை. அன்றாட வாழ்வில் கணவர் பெயர் மேலோங்கியிருந்த நிலையைத்தான் அது மாற்றியது: 1981 ஏப்ரல் 2 முதல் மணப்பவர்கள் தம் குடிமை உரிமைகளைப் பிறந்த பெயரிலேயே செலுத்த வேண்டும், அதற்கு முன் மணந்து கணவர் பெயரைப் பயன்படுத்தியவர்கள் அதைத் தொடரலாம். பிள்ளைக்குத் தாய், தந்தை இருவர் பெயரையும் சேர்த்து வைக்கலாம். ஆகவே 1750-ஐச் சேர்ந்த பாட்டியைத் தேடுபவர் சட்டத்தை விட்டுவிட்டு அவருடைய தந்தையின் குடும்பப் பெயரைப் பிடிக்க வேண்டும். இதைப் பற்றி இன்னும் வாதிட விரும்புவோர் ஓர் அடக்கப் பதிவையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஜோசப் என்று பெயர். பிழையா?

பதில்: பிழையன்று. ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது ஞானஸ்நான வழக்கம். அழைக்கும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போன கிளை 'கிரீன்வுட்' ஆகிவிட்டது.

பதில்: 'புவாவேர்' என்று தேடுங்கள். ஆலை வேலைக்குப் போனவர்களின் பெயர்கள் இப்படி மொழிபெயர்ந்தன.

கேள்வி: 'ருவா டி தெஜார்தேன்' என்றால் இரண்டு குடும்பங்களா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு மூதாதையர்?

பதில்: என் துறை அன்று. பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பகத்தை நாடுங்கள்.

கேள்வி: இணையத்தில் எடுத்த கொடிவழியை இணைத்துள்ளேன். பதினொரு தலைமுறைகள் இருக்கின்றன. சரிதானா?

பதில்: எந்த ஊர்ப் பதிவேடு, எந்த ஆண்டு என்று ஓரிடத்திலும் இல்லை. அவற்றைச் சேர்த்து அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்.