உஷ்குலியில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கேள்வி: சார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் மனைவி, 11 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் 64 வயது அம்மா ஆகியோரோடு ஜார்ஜியா போகலாம் என்றிருக்கிறோம். ஏஜென்ட் ஒருவர் 4 இரவு பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்: திபிலிசி, குடவுரி, மெஸ்தியா, உஷ்குலி. கல் கோபுரங்கள் நிற்கும் உஷ்குலி கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்று மகன் ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சைவம். அவரை அழைத்துப் போகலாமா? கோபுரத்தில் ஏற முடியுமா? பனியாறு வரை நடக்கலாமா? முன்பணம் 600 திர்ஹம் கொடுத்துவிட்டேன்.

பதில்: அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் அந்தப் பேக்கேஜில் போகாதீர்கள்.

திபிலிசியிலிருந்து மெஸ்தியா ஏறக்குறைய 470 கிலோமீட்டர். கடைசி 130 கிலோமீட்டருக்கு மேல் எங்குரி ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. நிற்காமல் ஓட்டினாலே எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். சாப்பாடு, கழிவறை, அம்மா காலை நீட்டிக்கொள்ள இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் பத்து. அங்கிருந்து உஷ்குலி இன்னும் 45 கிலோமீட்டர். குடவுரியோ திபிலிசிக்கு வடக்கே, முற்றிலும் வேறு பாதையில் இருக்கிறது. 4 இரவில் இரண்டு பக்கமும் போவது என்றால் வண்டிக்குள்ளேயேதான் இருக்க வேண்டும்.

இந்தப் பேக்கேஜை விற்கிறவருக்கும் அது தெரியும். வழக்கமாக நடப்பது என்ன என்று சொல்கிறேன். இரண்டாம் நாள் இரவு ஓட்டுநர் வந்து, "மேலே மண் சரிந்திருக்கிறது, சாலை மூடிவிட்டார்கள்" என்பார். அந்தப் பாதையில் மண் சரிவது உண்மைதான், அதனால் உங்களால் மறுத்துப் பேச முடியாது. பதிலுக்கு ஒரு ஒயின் பண்ணையையும் ஒரு ஷாப்பிங் மாலையும் காட்டிவிட்டு ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவார்கள். பணம் போனதைவிட, கோபுரத்தைப் பார்க்க வந்த பிள்ளை மாலில் நிற்கிற கொடுமைதான் எனக்குத் தாங்காது. குழுக்களை அழைத்துப் போகிற தொழிலில் இருப்பதால் இந்தக் கதையை ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. 4 இரவுதான் விடுமுறை என்றால் உஷ்குலியை விட்டுவிடுங்கள். கஸ்பெகி போங்கள். திபிலிசியிலிருந்து 150 கிலோமீட்டர்தான். 2,170 மீட்டர் உயரத்தில் 14-ம் நூற்றாண்டு கெர்கெத்தி தேவாலயம் இருக்கிறது, அதன் பக்கம் வரை வண்டி போகும். அதுவும் அழகான இடம்தான்.

5 இரவு கிடைத்தால் உஷ்குலி முடியும். குடவுரியை வெட்டிவிடுங்கள். இறங்கிய அன்றே மேற்கே போய் குதாய்சியில் தூங்குங்கள். அதோடு பாதித் தூரம் கழிந்துவிடும். அடுத்த இரவு மெஸ்தியா, மூன்றாவது உஷ்குலி, நான்காவது மறுபடி குதாய்சி, ஐந்தாவது திபிலிசி. நான்காம் நாள் பயணம் நீளம்தான். ஆனால் அன்று காலை ஷ்காரா சிகரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவீர்கள், அலுப்பு தெரியாது.

"விமானம் இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. திபிலிசிக்கு வெளியே நதாக்தாரி என்ற சின்ன ஓடுதளத்திலிருந்து மெஸ்தியாவுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இருபது பேர்கூட ஏற முடியாத குட்டி விமானம். பெட்டிக்கு 15 கிலோதான் கணக்கு. மெஸ்தியாவில் இருப்பது விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டிய மலை ஓடுதளம், மேகம் தாழ்ந்தால் விமானம் பறக்காது. ஒருமுறை என் குழுவில் ஒன்பது பேர் விடியற்காலையில் நதாக்தாரி போய் உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு ரத்து. பணம் திரும்பி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் விமானங்களில் ஒரு இருக்கைகூட இல்லை. ரத்தானவர்களுக்கு முன்னுரிமையும் இல்லை. சாலையில் பத்து மணி நேரம் ஆகிற ஊருக்கு இவ்வளவு சின்ன விமானத்தை விட்டுவிட்டு, ரத்தானால் ஒரு வேன்கூட ஏற்பாடு செய்யாமல் கையை விரிப்பதை எத்தனை வருடம்தான் பொறுத்துக்கொள்வது!

அதனால் விமானத்தை நம்பாதீர்கள் என்பதுதான் விதி. ஒரே ஒரு விலக்கு உண்டு, உங்கள் அம்மாவை நினைத்து அதையும் விளக்கமாகச் சொல்கிறேன். போகும்போது சாலையில் போய், திரும்பும்போது மட்டும் விமானத்துக்கு டிக்கெட் எடுக்கலாம். ஆனால் மெஸ்தியாவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் சார்ஜா விமானத்துக்கும் நடுவில் முழுதாக ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் இருந்தால், ரத்தானாலும் அன்றே வேன் பிடித்து இரவுக்குள் திபிலிசி சேர்ந்துவிடுவீர்கள். அந்த நாள் இல்லையென்றால் டிக்கெட் எடுக்காதீர்கள். "ஆகஸ்டில் ரத்தாகாது சார்" என்று ஏஜென்ட் சொன்னாலும் எடுக்காதீர்கள். நான் சொன்ன ரத்து ஆகஸ்டில்தான் நடந்தது. உங்கள் 5 இரவுத் திட்டத்தில் அப்படி ஒரு நாள் தானாக இல்லை, ஆறாவது இரவு சேர்த்தால்தான் வரும்.

சரி, உஷ்குலிக்கு வருவோம்.

உஷ்குலி ஒரே கிராமம் இல்லை. ஜிபியானி, சுவிபியானி, சஜாஷி, முர்க்மேலி என்று நான்கு சிற்றூர்கள் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கின்றன. உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர். ஊட்டி 2,240. அம்மா ஊட்டியில் மூச்சு வாங்காமல் இருந்திருந்தால் இங்கேயும் இருப்பார். 1996-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை, மேல் ஸ்வானெத்தியை, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதற்கு முக்கியக் காரணம் சஜாஷிதான். கோபுரம் என்றதும் நம் கோயில் கோபுரத்தை நினைக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டோடு ஒட்டிக் கட்டிக்கொண்ட காவல் கோபுரம். மேலே போகப் போகக் குறுகும், மூன்றிலிருந்து ஐந்து மாடி. படையெடுப்பு வந்தாலும், அடுத்த வீட்டுக்காரனோடு பழிக்குப் பழி மூண்டாலும் குடும்பம் உள்ளே புகுந்துகொள்ளும். பெரும்பாலானவை 9 முதல் 13-ம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை.

உள்ளே படிக்கட்டு கிடையாது. மர ஏணிதான். தளத்துக்குத் தளம் ஓர் ஆள் நுழையும் அளவு துவாரம். எதிரி கீழ்த்தளத்தைப் பிடித்தால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு துவாரத்தைக் கல்லால் மூடிவிடுவார்கள். மகனுக்கு இதைச் சொல்லிவிட்டு ஏறவிடுங்கள். நீங்கள் அவனுக்குக் கீழே ஏறுங்கள். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். அம்மா ஏற வேண்டாம், இதில் வாதமே இல்லை.

ஆனால் உஷ்குலியில் கோபுரம் ஏறுவதை நம்பிப் போகாதீர்கள். எது திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று போய் விசாரித்தால்தான் தெரியும். உலகப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் போதுமா, ஒரு நேர அட்டவணை வைக்க வேண்டாமா? மகன் ஏறுவதற்கு மெஸ்தியாவிலுள்ள மர்கியானி வீட்டு அருங்காட்சியகமே நல்லது. அங்கே கோபுரத்தோடு மச்சூபி என்ற பழைய வீடும் இருக்கிறது. நடுவில் அடுப்பு, சுற்றிலும் செதுக்கிய மரத்தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் மாடுகள். மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் நீண்ட பனிக்காலத்தைக் கழித்த வீடு. அம்மா அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார் என்று நினைக்கிறேன், எங்கள் குழுவில் வரும் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான்.

உஷ்குலியில் ராத்திரி தங்கச் சொல்வதற்குக் காரணம் மேகம். பள்ளத்தாக்கின் கோடியில் நிற்கும் ஷ்காரா ஜார்ஜியாவின் மிக உயரமான சிகரம், 5,100 மீட்டருக்கு மேல். கோடையில் காலையில் முழுதாகத் தெரியும். மதியத்துக்குள் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். மெஸ்தியாவிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் சரியாக மேகம் மூடும் நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். தங்கினால் காலை ஆறரைக்கு ஜிபியானிக்கு மேலே இருக்கும் லமாரியா தேவாலயத்துக்கு மெதுவாக ஏறிப் போகலாம். சின்ன ஏற்றம்தான், அம்மா கைத்தடியோடு வந்துவிடுவார். பெண்கள் தலையை மூட வேண்டும், ஆண்கள் அரைக்கால்சட்டை போடக்கூடாது. அந்த நேரத்தில் பசுக்கள் மேய்ச்சலுக்குக் கிளம்பும். கூடவே பெரிய நாய்கள் இருக்கும், கிட்டே போய்த் தொடாதீர்கள்.

ஷ்காரா பனியாறு வரை நடை ஒரு பக்கம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். ஆற்றோரமாகப் பெரிதும் சமதளம், கடைசிப் பகுதி மட்டும் கற்குவியல். போய்வர ஐந்தாறு மணி நேரம். உங்கள் அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஒரு மணி நேரம் நடந்து, புல்வெளியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். மகனுக்குப் பனியாறைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் மெஸ்தியாவுக்குப் பக்கத்திலுள்ள சலாடி போதும். தொங்குபாலத்தில் ஆரம்பித்துக் காட்டுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேர நடை. பனி முகப்புக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். மேலிருந்து கல் விழும். எல்லாரும் போய் நின்று படம் எடுப்பார்கள், நீங்கள் நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். அந்த நேரத்தில் அம்மாவையும் மனைவியையும் நாற்காலி லிஃப்டில் ஹட்ஸ்வாலிக்கு அனுப்பலாம். வானம் தெளிவாக இருந்தால் உஷ்பா மலையின் இரட்டைக் கொம்பு தெரியும். லிஃப்ட் ஓடுகிறதா என்று காலையிலேயே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உஷ்குலியில் குதிரையை வாடகைக்குப் பேசினால், வழிகாட்டி ஏறும் குதிரைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். பல பேர் இறங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பொறி மெஸ்தியா செட்டி சதுக்கத்தில் நிற்கும் டெலிக்கா வேன்கள். ஓட்டுநர்கள் நல்லவர்கள், வண்டியும் அந்தச் சாலைக்கு ஏற்றது. சிக்கல் நடுவில் நிற்கும் தரகரிடம். ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லி ஏற்றி, வேன் நிரம்பும்வரை ஒரு மணி நேரம் உட்கார வைப்பார். உஷ்குலியில் இரண்டு மணி நேரம்தான் என்பது அங்கே போய்த்தான் தெரியும். தங்கிவிட்டு மறுநாள் வருகிறேன் என்றால், திரும்பும் காசையும் இப்போதே கொடுங்கள் என்பார். மறுநாள் வருகிற ஓட்டுநருக்கு உங்களை யாரென்றே தெரியாது. போகும் காசை மட்டும், போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டுநர் கையில் கொடுங்கள். திரும்பும் வண்டியை உஷ்குலியில் நீங்கள் தங்கும் வீட்டுக்காரம்மாவே பேசிக் கொடுப்பார். குதாய்சியிலிருந்து உங்களோடு வரும் கார் நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். குப்தாரி என்ற ரொட்டி இறைச்சி வைத்தது, அதைத் தவிர்த்துவிடுங்கள். தஷ்மிஜாபி என்று உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து மசித்துக் கிண்டித் தருவார்கள், சூடாக இழை இழுக்கும். லோபியோ பீன்ஸ், ரொட்டி, தக்காளி வெள்ளரி எங்கும் கிடைக்கும். ஸ்வான் உப்பு வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டும் கொத்தமல்லி விதையும் மலைமூலிகைகளும் இடித்த உப்பு. அம்மா தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வார்.

ஜார்ஜியப் பணமான லாரி நோட்டுகளை மெஸ்தியாவிலேயே எடுத்துவிடுங்கள். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். ஆகஸ்ட் 28 மரியமோபா, அங்கே அரசு விடுமுறை. அந்த வாரம் என்றால் அறையை இன்றே பேசுங்கள். அவசரத்துக்கு எண் 112.

அப்புறம் அந்த 600 திர்ஹம். திரும்பக் கேட்டால் தர மாட்டார், நாள்கணக்கில் அலைய விடுவார். பேக்கேஜை ரத்து செய்கிறேன் என்று சொல்லாதீர்கள், மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். திபிலிசி கடைசி இரவு அறையும் ஏர்போர்ட் வண்டியும் மட்டும் அவர் கணக்கில் இருக்கட்டும், 600 அதில் கழியட்டும். குதாய்சி, மெஸ்தியா, உஷ்குலி மூன்றையும் நீங்களே விடுதிக்காரர்களோடு வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிடுங்கள். "மேலே நீங்களாகப் போனால் ஆபத்து" என்று அவர் பயமுறுத்தினால், மறுபேச்சு பேசாமல் திபிலிசி அறையின் உறுதிச்சீட்டை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.