‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல்லாவரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அங்கே தங்கியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லி நிர்வாகம் நாற்பது கேள்விகள் உள்ள ஃபாரம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. யாரிடம் போனாலும் ‘எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு’ என்கிறார்கள், இல்லையென்றால் புரியாமல் முழிக்கிறார்கள். இந்த வயதில் இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஃபாரத்தைப் படித்தேன். குறை அந்தப் பெரியவர்களிடம் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. முதல் கேள்வியையே பாருங்கள்: ‘கடந்த ஆறு மாதங்களில் தங்களுக்கு வழங்கப்பட்ட உணவு மற்றும் பராமரிப்பு குறித்து எந்த அளவிற்குத் திருப்தி அடைகிறீர்கள்?’ சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் ராத்திரி பெல் அடித்தால் யாரும் வருவதில்லை என்றால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஒரு கேள்வியில் ஒரு விஷயம் போதும்.

ஆறு மாதம் என்பதும் வேண்டாம். இல்லத்தில் ஒரு நாள் மாதிரியே இன்னொரு நாள் போகிறது, பொங்கலையும் தீபாவளியையும் விட்டால் மாதத்தைப் பிரித்துச் சொல்ல அடையாளமே இல்லாதபோது எண்பது வயதுக்காரர் எதை வைத்துக் கணக்குப் பண்ணுவார்? நேற்று நடந்ததைத்தான் சொல்வார், நீங்கள் அதை ஆறு மாதக் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள். அதற்கு நேரடியாகவே ‘இன்னைக்குக் காலையில காபி சூடா வந்துச்சா?’ என்று கேட்கலாம். ‘நேத்து ராத்திரி பாத்ரூம் போக யாரையாவது கூப்பிட்டீங்களா?’, அப்புறம் ‘கூப்பிட்டதும் வந்தாங்களா?’ ஒரே ஒரு நாள் நிலவரம்தானே என்று நிர்வாகம் சொல்லும். பலரிடம் வெவ்வேறு நாட்களில் கேட்டால் எந்த நாள், எந்த ஷிஃப்டில் சிக்கல் என்பதே வெளியே வந்துவிடும்.

‘மிகவும் திருப்தி’யில் தொடங்கி ‘மிகவும் அதிருப்தி’ வரை போகும் அந்த ஐந்து படி அளவு, ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-ல் எழுதிய ஆய்விலிருந்து பரவியது. காகிதத்தைக் கையில் வைத்துப் படிப்பவருக்கு அது சரி. கண்புரையோடு, நீங்கள் வாசிப்பதைக் காதால் மட்டும் கேட்பவருக்கு ஐந்தாவது பதில் வருவதற்குள் முதலாவது மறந்துபோகும், சில நேரம் கேள்வியே போய்விடும். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய 1980-களில் உருவான ‘ஜெரியாட்ரிக் டிப்ரஷன் ஸ்கேல்’ முழுக்க ஆமாம், இல்லை என்ற பதில்களோடு முடிந்துவிடுகிறது. முதலில் 30 கேள்விகள் இருந்தன, 1986-ல் 15 கேள்விகள் கொண்ட சின்ன வடிவமும் வந்தது. உங்கள் நாற்பதும் பத்துப் பன்னிரண்டாகட்டும். அளவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு படியாகக் கேளுங்கள்: ‘நல்லா இருந்துச்சா, இல்லையா?’ இல்லை என்றால், ‘கொஞ்சம் மோசமா, ரொம்ப மோசமா?’

‘சாப்பாடு சூடா இல்லையா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஆமா’ என்றாலும் சூடாக இல்லை என்று அர்த்தமாகும், ‘இல்ல’ என்றாலும் அதே அர்த்தம் வரலாம். எழுதுகிறவர் கைக்கு வந்த பக்கம் டிக் போடுவார்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ தொடரும், ஏனென்றால் கேட்பது சூப்பர்வைசரான நீங்கள். நாளைக் காலையில் குளிப்பாட்டிவிடப் போகும் ஆயாம்மா பக்கத்தில் நிற்கும்போது அவர் வேறென்ன சொல்வார்? இங்கேயிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவது என்ற பயம் ஒரு பக்கம், பாவம் அந்தப் பொண்ணுக்கு வேலை போய்விடுமோ என்ற இரக்கம் இன்னொரு பக்கம். வெளியாள்தான் கேட்கவேண்டும். எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் மாதிரிக் கல்லூரிகளில் சமூகப்பணி படிக்கிற மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவரிடம் தெலுங்கு தெரிந்தவரே உட்காரட்டும், சென்னையில் அது பெரிய காரியமில்லை.

வயதானால் உச்சஸ்தாயி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும், அதனால் கத்திப் பேசினால் பலன் குறைவு. டிவியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா, ஹியரிங் எய்டில் பேட்டரி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். காலை டிபன் முடிந்த நேரம் நல்லது.

எல்லோரிடமும் போவதற்கு முன் நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டு, ‘நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். சர்வே செய்பவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற சோதனைதான். அவர் சொல்வது நீங்கள் நினைத்ததோடு ஒத்துவராவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு மறதி நோய். அவர் தங்கியிருக்கும் இல்லத்தில் இந்த மாதிரி ஃபாரத்தை அவருக்குப் பதிலாக என்னையே நிரப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா? - வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்க நர்சிங் ஹோம்களில் (அங்கே அவை முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள்) 2010 அக்டோபரில் வந்த மதிப்பீட்டு முறையில், மறதி இருப்பவர் என்று பெயர் வைத்து ஒதுக்காமல், தான் சொல்ல வருவதை ஓரளவாவது புரியவைக்க முடிகிற எல்லோரிடமும் நேரில் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது விதி. மூன்று வார்த்தைகளைத் திரும்பச் சொல்வது, ஆண்டு, மாதம், கிழமை சொல்வது என்று 15 மதிப்பெண்ணுக்கு ஒரு சின்ன சோதனையும் அதில் உண்டு. மதிப்பெண் குறைவாக வந்தாலும், உங்களுக்கு எது முக்கியம், எது பிடிக்கும் என்ற கேள்விகளை அவரிடம்தான் கேட்கிறார்கள். என்ன தேதி என்று தெரியாதவருக்கும் தயிர் புளித்திருக்கிறது என்று தெரியும், எந்த ஆயாம்மாவின் கை முரட்டுக் கை என்பதும் தெரியும். தட்டு எதிரே இருக்கும்போதே கேட்டால் நினைவை நம்பியிருக்க வேண்டியதே இல்லை. உங்கள் கருத்தையும் எழுதுங்கள், ‘மகன் சொன்னது’ என்று தனித்தாளில். இரண்டையும் கலக்க வேண்டாம். வீட்டார் கண்ணில் படுவது சுத்தம், பெயின்ட், பில். அம்மாவுக்கு ராத்திரியில் ஒரு ஆள் வந்து பார்ப்பது பெரிதாக இருக்கலாம்.

கேள்வி: பெயர் சொல்லமாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டுக் கேட்கிறோம். யாராவது ‘அடிக்கிறாங்க’ என்று சொன்னால்? - மாணவி, தாம்பரம்

பதில்: அந்த உறுதியை அப்படிக் கொடுக்காதீர்கள். ‘நீங்க சொல்றது உங்க பேரோட போகாது, ஆனா உங்களுக்கு யாராவது தீங்கு செஞ்சா நான் உதவி கேட்பேன்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படி ஒன்று வந்தால் கேள்விகளை அங்கேயே நிறுத்திவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பேராசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணமில்லை. இல்லத்தில் இருப்பவர்களும் அதில் நேரடியாகப் பேசலாம், அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.