குரூசரை ஏற்காட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா? இறக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் 150 சிசி வண்டிதான். ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 என்ற குரூசர் பைக் வாங்க ஆசை. ஷோரூமில் ஊருக்குள் ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தார்கள். சிக்னலிலேயே நேரம் போய்விட்டது, வண்டியைப் பற்றி ஒன்றும் பிடிபடவில்லை. வாங்கினால் மனைவியோடு ஏற்காடு, கொடைக்கானல் என்றுதான் அதிகம் போவேன். மலைச்சாலையில் டெஸ்ட் ரைட் கேட்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டாயம் கேளுங்கள். வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறதோ அந்தச் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இவ்வளவு பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஏற்காடு அடிவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்ட பலகையோடு. விடுமுறை நாளில் வேண்டாம். வார நாளில், மூடுபனி விலகிய பிறகு, சாலை காய்ந்திருக்கும்போது போங்கள். ஷோரூம் ஆள் ஒருவர் வேறு வண்டியில் கூட வருவதாக இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பலரும் ஏற்றத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சூப்பராக இழுக்கிறது’ என்று முன்பணம் கட்டிவிடுகிறார்கள். 648 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் டார்க். அது இழுக்காமல் என்ன செய்யும்? உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து எந்த என்ஜினும் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் வலு இழக்கும். சுமார் 1500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டில் இருவர் உட்கார்ந்து போனாலும் இந்த வண்டிக்கு அது உறைக்காது. நீங்கள் சோதிக்க வேண்டியது 241 கிலோ எடை இறக்கத்தில் உங்கள் சொல் பேச்சைக் கேட்கிறதா என்பதைத்தான்.

தாழ்ந்த சீட்டில் கால்நீட்டி ஓட்டும் நீளமான பைக்தான் குரூசர். அதன் உடலமைப்பு நேர்ச்சாலைக்காகவே அமைந்தது. சூப்பர் மீட்டியோரின் வீல்பேஸ், அதாவது இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 1500 மில்லிமீட்டர். நெடுஞ்சாலையில் ஆடாமல் அசையாமல் போக வைக்கும் அந்த நீளமே, குறுகிய வளைவில் வண்டியைத் திருப்பச் சோம்பலாக்கும். கால் வைக்கும் ஃபுட்பெக் முன்னால் தள்ளி இருப்பதால் மேடு பள்ளத்தில் எழுந்து நின்று உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அடி நேரே முதுகுத்தண்டுக்குப் போகும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகத்துக்கு 135 மில்லிமீட்டர்தான் இடைவெளி. வளைவில் கொஞ்சம் அதிகம் சாய்த்தால் ஃபுட்பெக் முனை சாலையில் உரசும். உரசினால் பதறி பிரேக் பிடிக்காதீர்கள். ‘இதற்கு மேல் சாயாதே’ என்று வண்டி சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் வழக்கமாகப் போகிற வேகத்திலேயே அடிக்கடி உரசினால், அந்த வண்டி உங்கள் மலைக்கு ஆகாது.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போதும் இறங்கும்போதும் இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசிதான் சோதனை. உள்வளைவு நமக்கு வரும். சாலையிலேயே மிகச் செங்குத்தான, மிகக் குறுகலான இடம் அதுதான். இறக்கத்தில் அந்த வளைவுக்கு எப்படி வர வேண்டும் என்று சொல்கிறேன். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்ச்சைப் பிடித்தபடி உருளவிடாதீர்கள். என்ஜின்தான் உங்கள் முதல் பிரேக். பின் பிரேக்கை மிதமாக மிதித்தபடி, முகத்தைத் திருப்பி வளைவின் மறுமுனையைப் பாருங்கள், முன்சக்கரத்தை அல்ல. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால், எடை முழுவதும் முன்னால் வந்து வண்டி அப்படியே உள்பக்கம் சரியும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நடைவேகத்தில் அது வேலை செய்யாது. குரூசர்கள் மலையில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான், மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் கீழான வேகத்தில்.

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். எதிரே பஸ் ஏறி வரும்போது நீங்கள் சரிவில் நின்றே ஆக வேண்டும் என்பதால் அதையும் பழகிப் பாருங்கள்: ஹேண்டில்பாரை நேராக்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்று, இடது காலை ஊன்றுங்கள். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான் என்பதால் கால் நன்றாகவே எட்டும். இது இந்த வண்டியின் பெரிய பலம். ஆனால் சாலையின் உள்ஓரம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் கால் எட்டுகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி எடுத்தும் பாருங்கள். சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்க நிறுத்திவிட்டால், 241 கிலோவைக் காலால் பின்னுக்குத் தள்ளி மேலேற்றுவது நடக்காது. சைடு ஸ்டாண்டும் மடங்கி வண்டி உருளலாம். முன்சக்கரம் ஏற்றத்தைப் பார்த்திருக்க, முதல் கியரில் விட்டு நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு பயணத்திலும் அதே கதைதான்.

உங்கள் மனைவியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். முதல் சுற்று நீங்கள் தனியாக, அடுத்தது அவரோடு. அவர் ஏறுவதற்கு முன் பின்பக்க ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) கூட்டச் சொல்லுங்கள், டயர் காற்றையும் இருவருக்கான அளவில் வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு ‘பின்னால் இடிக்கிறது’ என்றால் அது வண்டியின் குறையல்ல. இறக்கத்தில் அவர் முன்னோக்கிச் சரிந்து உங்கள் முதுகில் விழுகிறாரா, பிடித்துக்கொள்ள வசதியாக ஏதாவது இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் கருத்தைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் இனி ஏற மாட்டேன் என்றால் கொடைக்கானல் திட்டமே இல்லை.

கிளம்பும் முன் காகிதங்கள். ஷோரூம் நீட்டும் படிவத்தில், வண்டி விழுந்தால் செலவு யாருடையது என்று எழுதியிருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் காப்பீடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். மலைக்குத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டால், வாடகை வண்டி நல்ல வழி. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான வாடகை வண்டி. ஒரு நாள் முழுக்க எடுத்தால் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் பார்த்துவிடலாம். தோளும் மணிக்கட்டும் மாலையில் எப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே நாளில் ராயல் என்ஃபீல்டின் சிறிய குரூசரான மீட்டியோர் 350-ஐயும் ஓட்டிப் பாருங்கள். 191 கிலோதான், அதாவது 50 கிலோ குறைவு. வீல்பேஸ் 1400, தரையிலிருந்து அடிப்பாகத்துக்கு இடைவெளி 170 மில்லிமீட்டர். 20 குதிரைத்திறனில் இருவரோடு ஏறும்போது கியரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், நெடுஞ்சாலையில் 650-ன் நிதானம் வராது. ஆனால் கொண்டை ஊசியில் மிகவும் இலகுவாகத் திரும்பும். 2025 செப்டம்பருக்குப் பிறகு 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதையும் கணக்கில் சேருங்கள். 150 சிசியிலிருந்து வரும் உங்களுக்கு, இறங்கி முடித்து அடிவாரத்தில் நிற்கும்போது 650-ல் கை இறுகிப்போய், 350-ல் இயல்பாக இருந்தால் 350-ஐயே எடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் தயங்காமல் 650-க்குப் போங்கள்.