அடியில் மேயும் மீன்களுக்கு எந்தத் தீனி வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் 8 டெட்ரா மீன்கள், அடியில் மேயும் 6 கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி), அதேபோல் அடியில் மேயும் ஒரு பிளெக்கோ இருக்கின்றன. மேலே போடும் செதில் தீனியில் மிச்சம் விழுவதையும் மற்ற மீன்களின் கழிவையும் கோரி தின்றுவிடும், தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பார்த்தால் கோரிகளின் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. மாத்திரை, குருணை, வேஃபர் என்று பலவிதமாக விற்கிறார்கள். எதை வாங்கலாம்? பெரிய டப்பா எடுத்தால் விலை குறைகிறதே?

பதில்: முதலில் அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள். மீன் கழிவைத் தின்று கோரி உயிர் வாழாது. மிச்சம் விழும் என்பதும் நடக்காத காரியம், 8 டெட்ரா இருக்கும் தொட்டியில் செதில் தரையைத் தொடுவதே அபூர்வம். இப்படிச் சொல்லி விற்கப்பட்டுப் பட்டினி கிடக்கும் கோரிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

சரி, டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். பொதுவாக எடை அதிகமானதுதான் முதலில் வரும். கோரிக்கு மீன், இறால், பூச்சி போன்றவை முதலில் இருக்க வேண்டும், கோதுமை மாவில் தொடங்கினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். பிளெக்கோவுக்கு ஸ்பைருலினா என்னும் பாசி, காய்கறி கலந்த வேஃபர் (தட்டையான வில்லை). பாசி வேஃபர் ஒன்றையே இரண்டுக்கும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், கோரி பாசி தின்னி அல்ல.

வாங்கி வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உடனே மூழ்க வேண்டும், அரை மணி நேரமாவது வடிவம் குலையாமல் மெல்ல இளக வேண்டும். போட்ட சில நிமிடத்திலேயே தண்ணீர் கலங்கிப் பொடியாகிவிட்டால், அது மீன் வாய்க்குப் போவதை விடக் கற்களுக்கு இடையில் போய் அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஆவதுதான் அதிகம்.

பெரிய டப்பா வேண்டாம். திறந்த பிறகு வைட்டமின் சி குறைந்துகொண்டே வரும், கொழுப்பும் காறிப்போகும். மூன்று மாதத்தில் தீரும் அளவு போதும், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

போடும் நேரமும் முக்கியம். டெட்ராவுக்கு முதலில் கொடுத்து, விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மூழ்கும் தீனியைப் போடுங்கள். ஒரே மூலையில் குவிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் போட்டால் பிளெக்கோ ஒன்றின் மேல் படுத்துக்கொண்டாலும் கோரிகளுக்கு மற்றது கிடைக்கும். அளவைக் குறைவாகத் தொடங்குங்கள், காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். பிளெக்கோவுக்கு வாரம் ஓரிரு முறை வெள்ளரித் துண்டு போடலாம், அதையும் காலையில் எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், அடியில் என்ன பரப்பியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கோரி கண் வரைக்கும் மணலில் மூக்கைப் புதைத்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக விட்டுத்தான் தீனி தேடும். கூரான கல்லாக இருந்தால் மீசை தேய்ந்துபோய் நல்ல தீனி பக்கத்தில் கிடந்தாலும் தேடி எடுக்கச் சிரமப்படும். மெல்லிய மணலுக்கு மாற்றுங்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படிக் கொடுத்தும் வயிறு உள்வாங்கியே இருந்தால் குடலில் புழு இருக்கலாம். அப்போது தீனியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்காமல், மீன் நோய் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள்.