இரண்டாவது ரெஜிஸ்டர் வேண்டாம்

கேள்வி: 35 பேர் வேலை செய்யும் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். எங்களுக்கு ஆர்டர் தரும் நிறுவனம், தொழிலாளர் நெறிமுறைகள் என்று பதினான்கு பக்கங்களை அனுப்பிக் கையெழுத்து கேட்கிறது. அதன்படி நடக்கிறோமா என்று பார்க்க மூன்று மாதத்தில் ஆடிட்டர் வருவாராம். அவசர ஆர்டர் என்றால் எங்கள் மெஷின் ராத்திரி பத்து மணி வரை ஓடும். ஆட்கள் பாதியில் போய்விடக் கூடாது என்று அவர்களுடைய அடையாள அட்டை, சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். பலருக்கு அட்வான்ஸும் கொடுத்திருக்கிறேன். ஆடிட்டருக்கென்று தனியாக ஒரு வேலை நேர ரெஜிஸ்டர் எழுதிவிடு என்கிறார் தொழிலில் மூத்த நண்பர். நான் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அந்த ரெஜிஸ்டர் யோசனையை விட்டுவிடுங்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பொய்க் கணக்கு எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அதில் 35 பேரும் சரியாக 6 மணிக்கு, ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அனுபவமுள்ள ஆடிட்டர் அடுத்ததாக, ஊசி உடைந்தால் எழுதிவைக்கும் நோட்டைக் கேட்பார். ரெஜிஸ்டரில் விடுமுறை என்று இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், நாலாவது மெஷினுக்கு ஊசி மாற்றியதாக அந்த நோட்டில் இருக்கும். அப்புறம் தையல் தொழிலாளர்களைத் தனியாக அழைத்துப் பேசுவார். அவர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே பொய் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். அதைச் செய்துவிட்டு மறுநாள் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

உண்மை நேரத்தை எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். கூடுதல் நேர வேலை இருந்தால் அதைக் குறையாகப் பதிவு செய்து, எப்போது, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று திட்டம் கேட்பதுதான் வழக்கம். குறைக்குக் கெடு உண்டு. போலிக் கணக்கைப் பெரும்பாலான வாங்குவோர், அதாவது ஆர்டர் தரும் நிறுவனங்கள், அப்படிப் பார்ப்பதில்லை, அதோடு நம்பிக்கை போய்விடும்.

சரி, அந்தப் பதினான்கு பக்கங்களில் என்ன இருக்கும்? பெரும்பாலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளிலிருந்து எடுத்தவைதான். கட்டாய வேலை கூடாது, குழந்தைத் தொழில் கூடாது, பாகுபாடு கூடாது, சங்கம் சேரவும் கூட்டாகப் பேசவும் தடை கூடாது. பாதுகாப்பான பணிச்சூழலையும் 2022-இல் அடிப்படை உரிமையாகச் சேர்த்தார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1919-இல் அந்த அமைப்பு கொண்டுவந்த முதல் உடன்படிக்கை. பல நிறுவனங்கள் பின்பற்றும், தொழிலாளர்களை நடத்தும் விதத்துக்கான எஸ்ஏ 8000 தரநிலை, அதற்கு மேல் வாரத்துக்கு 12 மணி நேரம் வரை ஓவர்டைம் அனுமதிக்கிறது. ஆனால் தொழிலாளி விருப்பப்பட்டு வர வேண்டும், கூடுதல் கூலி தர வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

இதில் ‘விருப்பப்பட்டு’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. நீங்கள் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் சான்றிதழ் உங்கள் பீரோவில், அட்வான்ஸ் கடன் அவர் தலையில். அந்த நிலையில் ராத்திரி எட்டு மணிக்கு “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கீங்களா?” என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதையும் கடனால் கட்டிப்போடுவதையும் கட்டாய வேலையின் அறிகுறிகள் என்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. படிக்கச் சங்கடமாக இருக்கும், தெரிந்தே எழுதுகிறேன்.

வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்தது. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல்தளங்களில் இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் படியேறினார்கள். 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கிருந்த சில ஆலைகள் அதற்கு முன் ஆடிட் பார்க்கப்பட்டவைதான். விரிசலைப் பார்த்த தொழிலாளி “நான் உள்ளே வரமாட்டேன்” என்று சொல்ல முடியாமல் போனதை எந்த ஆடிட்டும் பிடிக்கவில்லை. உங்கள் யூனிட்டில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடியுமா? ஆடிட்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் பீரோவிலிருந்து தொடங்குங்கள். நகல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அசலைக் கையில் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸுக்கு ஒரு தாள் போதும்: வாங்கிய தொகை, மாதம் பிடிக்கும் தொகை, மீதி, இருவர் கையெழுத்து. சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், சிறு தொகையாகவே பிடியுங்கள். கடன் தீராவிட்டாலும் அவர் வேலையை விட்டுப் போகலாம் என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அவசர வழியை அடைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதற்கு மூன்று மாதம் தேவையில்லை.

ஓவர்டைம் மட்டும் உங்கள் ஒருவர் கையில் இல்லை. கடைசி நேரத்தில் டிசைனை மாற்றிவிட்டு, டெலிவரி தேதியை மட்டும் மாற்றாத வாங்குவோருக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு மாத உண்மை ரெஜிஸ்டரை அவர்கள் முன் வைத்து, எந்த ஆர்டரில் எத்தனை ராத்திரி ஓடியது என்று காட்டி, தேதியையும் விலையையும் பேசுங்கள். பொய் ரெஜிஸ்டர் வைத்திருப்பவரால் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது. அவர் கணக்கில்தான் ராத்திரி வேலையே கிடையாதே!

அசலைக் கொடுத்ததும் ஓரிருவர் கிளம்பக்கூடும். கிளம்பினால் தடுக்காதீர்கள். வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும் சம்பளத்தையும் ஓவர்டைமையும் கணக்குப் பார்த்து, தாமதிக்காமல் கையில் கொடுத்து அனுப்புங்கள்.