கம்பளத்தில் ஒயின் கொட்டிவிட்டதா? கேள்வி பதில்

கம்பளம் கழுவுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். விருந்து முடிந்த மறுநாள் காலையில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் சிவப்பு ஒயினுக்குத் தனி இடம் உண்டு. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு குறை. கொட்டியது என்ன என்று எல்லோரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். எதன்மேல் கொட்டியது என்று எழுதியவர்கள் சிலர்தான். கம்பளியா, பருத்தியா, பிளாஸ்டிக் நூலா என்று தெரியாமல் எதை ஊற்றச் சொல்வது?

கேள்வி (பெங்களூரு): அண்ணா, இப்பதான் கொட்டிச்சு. முழு கிளாஸ். வெளிர் நிறக் கம்பளி ரக். என்ன செய்யணும்?

முதலில் தேய்க்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியை, பழைய வேட்டி இருந்தால் நல்லது, நாலாக மடித்துக் கறையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். துணி சிவந்ததும் வேறு பக்கம் திருப்பி மறுபடி அழுத்துங்கள். எழுந்து நின்று குதிகாலால் மிதித்தாலும் சரி. ரக்கைத் தூக்க முடியுமானால் அடியிலும் ஒரு துணியை விரியுங்கள். இல்லாவிட்டால் கீழே இறங்கிய ஒயின் தரையில் தேங்கி மறுபடி மேலே ஏறும்.

துணியில் சிவப்பு வருவது குறைந்த பிறகுதான் தண்ணீர். பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகும். புதுக் கறையில் பெரும்பகுதி இந்த வெறும் தண்ணீருக்கே வந்துவிடும். பலர் இதை நம்புவதில்லை, உடனே சமையலறை அலமாரியைத் திறந்துவிடுகிறார்கள்.

நிறம் மிச்சமிருந்தால் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி கலந்து, துணியை அதில் நனைத்து ஒற்றுங்கள். பிறகு சோப்பு போகும்வரை வெறும் தண்ணீர். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. சோப்பு தங்கிய இடத்தில் அழுக்கு ஒட்டும், அடுத்த மாதம் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். கடைசியில் ஃபேன் காற்றில் காயவையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

கேள்வி (சென்னை): யூடியூப்ல பார்த்து பேக்கிங் சோடாவைக் குழைச்சுப் பூசினேன். சிவப்பு போய் நீலச் சாம்பலா ஆயிடுச்சு! ரக் சாயம் ஏதாவது மாறிடுச்சா?

மாறியது ஒயினின் நிறம், ரக்கின் சாயம் அப்படியே இருக்கும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிறதே, அதன் மறுபக்கம் இது. கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் ஒயினுக்குச் சிவப்பைத் தருகிறது. அமிலத்தில் அது சிவப்பு, காரத்தில் நீலம். ஒயின் இயல்பிலேயே அமிலம், பிஎச் அளவு 3க்கும் 4க்கும் இடையில் இருக்கும். சோடா காரம். கறை எங்கும் போகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

காய்ந்த மாவை முதலில் வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன வினிகர்த் தண்ணீரால் ஒற்றுங்கள். சிவப்பு திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம், இனி ஒற்றி எடுக்கலாம். கம்பளிக்குக் காரம் ஆகாது என்பதால் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): உப்பு, சோடா வாட்டர், வெள்ளை ஒயின். இதில் எது உண்மை?

வெள்ளை ஒயின் நனைத்து நீர்க்கச் செய்யும். அதைத் தண்ணீரே செய்கிறது, ஒட்டும் சர்க்கரையையும் விட்டுப் போகாது. சோடா வாட்டரிலும் பெரிய மகிமை இல்லை. கையில் அதுதான் இருந்தால் ஊற்றலாம். உப்பு ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் துணி அதைவிட நன்றாக இழுக்கும். மேலும் அடிவரை இறங்கிய உப்பை முழுக்க எடுப்பது கஷ்டம். மிச்சம் தங்கினால் மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் ஈரம் கோத்து நிற்கும்.

கேள்வி (திருச்சி): எந்த நார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்? லேபிள் கிழிஞ்சு போச்சு.

ரக்கின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ நாலைந்து இழை மட்டும் பிடுங்குங்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய ஸ்டீல் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, கரி கையில் பொடியானால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசம் வந்தால் பருத்தி, சணல், விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் பளபளப்பான நூல்) இவற்றில் ஒன்று. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் நைலான், பாலியெஸ்டர், பாலிப்ராப்பிலீன் போன்ற செயற்கை நூல். குஞ்சத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். கையால் முடிச்சிட்ட கம்பளங்களில் குஞ்சம் என்பது பாவு நூலின், அதாவது நீளவாக்கில் ஓடும் அடி நூலின், நுனி. மேலே கம்பளி இருந்தாலும் பாவு பெரும்பாலும் பருத்திதான்.

பின்பக்கத்தையும் பாருங்கள். முன்னால் இருக்கும் வடிவம் பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கைமுடிச்சு. பின்னால் துணி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் டஃப்டட் வகை. அதில் இழைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் லேடெக்ஸ் பசை. அதை ஊறவைத்தால் பசை விடும், நாற்றமும் வரும். அதற்கு ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கேள்வி (லண்டன்): வாடகை வீடு, அண்ணா. தரையோடு ஒட்டின வெளிர் பழுப்புக் கார்ப்பெட். வாரக்கணக்கான கறை, அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றோம். டெபாசிட் போயிடுமா?

முதலில் கார்ப்பெட் எதில் ஆனது என்று பாருங்கள். அந்த ஊரில் 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான் கலந்தது பரவலாக உண்டு. முழுக்கப் பாலிப்ராப்பிலீன் ஆனதும் உண்டு. பாலிப்ராப்பிலீன் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தண்ணீரில் கரையும் நிறமி அந்த நூலுக்குள் ஏறாது, மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பாத்திர சோப்புத் தண்ணீர், பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, இரண்டிலேயே முடிந்துவிடும்.

பெராக்சைடு போடும் முறை: பீரோவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சாயம் வெளுக்கவில்லை என்றால் கறையின் மேல் ஈரமாகும் அளவுக்கு மட்டும் தெளித்து, அரை மணி நேரம் விட்டு ஒற்றி எடுங்கள். வெளுப்பு மெதுவாகத்தான் நடக்கும். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு தடவை செய்யலாம். வேறு பாட்டிலில் கலந்து மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

கம்பளி கலந்தது என்றால் பெராக்சைடைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஈரத்தை உறிஞ்சும் கார்ப்பெட் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வினிகர்த் தண்ணீர், வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். டெபாசிட் பற்றி நான் ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் கறையின் இடத்தில் வெளுத்த ஓட்டை தெரிந்தால் வீட்டுக்காரரிடம் பேச உங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. மங்கலான கறை அதைவிடத் தேவலை.

கேள்வி (சேலம்): நம்ம ஊர் மெடிக்கல்ல வாங்கின பெராக்சைடு பாட்டில்ல 6 சதவீதம்னு போட்டிருக்கு. அதையே ஊத்தலாமா?

வேண்டாம். அதே அளவு தண்ணீர் கலந்தால் 3 ஆகிவிடும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (ஹாம்பர்க்): கிறிஸ்துமஸ் சமயத்தில் சூடான மசாலா ஒயின், இங்கே க்ளூவைன் என்பார்கள், கம்பளி ரக்கில் கொட்டியது. சாதாரண ஒயின் கறையைவிடப் பிடிவாதமாக இருக்கிறது. ஏன்?

கம்பளிக்குச் சாயம் போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அமிலம் கலந்த தண்ணீரைச் சூடாக்கி, அதில் சாயத்தைக் கரைத்து, கம்பளியை முக்குகிறார்கள். உங்கள் கிளாஸில் அமிலம், சூடு, நிறமி மூன்றுமே இருந்தன. போதாததற்குச் சர்க்கரையும்.

சர்க்கரையை முதலில் எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக. தொட்டால் பிசுபிசுப்பு இல்லை என்ற பிறகு வினிகர்க் கலவை. முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நிறமி நாருக்குள்ளேயே ஏறியிருந்தால் கை தேர்ந்தவர்கள்கூட மங்கச் செய்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஸ்டீம் அயர்ன் வைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே சூட்டை மறுபடி கொடுப்பதாகும்.

கேள்வி (சிங்கப்பூர்): "பேம்பூ சில்க்" ரக். தண்ணீர் பட்ட இடம் மஞ்சளா, முடி சிலுத்த மாதிரி ஆயிடுச்சு. ஒயினே பரவாயில்லை போல.

கடையில் பேம்பூ சில்க், ஆர்ட் சில்க் என்று விற்பவை பெரும்பாலும் விஸ்கோஸ்தான். நனைந்தால் பலம் இழக்கும், காய்ந்தால் மஞ்சள் ஏறும், இழையும் நசுங்கிக் கிடக்கும். இனித் தண்ணீர் வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் இழை சாயும் திசையிலேயே வாரிவிடுங்கள், கொஞ்சம் சரியாகும். விற்பவர்கள் இந்தக் குணத்தைச் சொல்லியே விற்கலாம், சொல்வதில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் போட இந்த ரக் லாயக்கில்லை.

கேள்வி (ஈரோடு): பவானி ஜமக்காளம், பருத்தி. விருந்தாளி ஒருத்தர் கைங்கரியம். கம்பளிக்குச் சொன்னதே போதுமா?

பருத்தி கம்பளியைவிடத் தாங்கும். உங்கள் பிரச்சினை கோடுகளின் சாயம். ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் கறையை மட்டும் லேசாக ஒற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் பச்சைத் தண்ணீரில் முழு ஜமக்காளத்தையும் அலசுங்கள். ஒரு இடத்தை மட்டும் நனைத்தால் விளிம்பில் தண்ணீர்த் தடம் விழும். பட்டு நூல் போலப் பளபளக்கும் பகுதி இருந்தால் அது பருத்தி இல்லை, அந்த இடத்தைக் கசக்காதீர்கள். நிழலில், மடிக்காமல் விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி (கோவை): சணல் ரக். ஒயின் போயிடுச்சு, ஆனா துடைச்ச இடம் டீ கொட்டின மாதிரி பழுப்பா இருக்கு.

அது சணலின் சொந்த நிறம். நனைந்து மெதுவாகக் காயும்போது நாரிலிருக்கும் பழுப்பு மேலே ஏறி வந்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரைப் பனி போல லேசாகத் தெளித்து, ஒற்றி, ஃபேனுக்கு நேராக வைத்துச் சீக்கிரம் காயவிடுங்கள். குறையும்.

கேள்வி (மெல்போர்ன்): சுத்தமா எடுத்துட்டேன்னு நினைச்சேன். காலையில பார்த்தா கறை மறுபடி வந்திருக்கு. பேயா?

அடியில் தங்கிய ஒயின்தான். மேலே காயக் காய, கீழே இருக்கும் ஈரம் திரி வழியே எண்ணெய் ஏறுவதுபோல நூல் வழியே ஏறி, நுனியில் நிறத்தை விட்டுவிட்டுப் போகிறது. மறுபடி லேசாக நனைத்து, ஒரு அங்குல உயரத்துக்கு வெள்ளைத் துணிகளை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான பாத்திரத்தை ராத்திரி முழுக்க வையுங்கள். ஏறி வருவது துணிக்குள் போகும். அச்சடித்த காகிதத்தையோ பூப்போட்ட டிஷ்யூவையோ வைத்துவிடாதீர்கள்.

கேள்வி (துபாய்): பிளீச் போடலாமா? ஆக்ஸி பவுடர்?

குளோரின் பிளீச் கம்பளியையும் பட்டையும் அரித்தே விடும், நிறம் பற்றிய பேச்சே வராது. அதை வினிகரோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்த்தாலும் அப்படித்தான். அந்தப் பாட்டிலைக் கம்பளத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். ஆக்ஸி பவுடர் தண்ணீரில் பெராக்சைடாகவும் சலவைக் காரமாகவும் பிரியும். வெள்ளைப் பருத்திக்கும் செயற்கை நூலுக்கும் சரி, கம்பளிக்கும் பட்டுக்கும் கூடாது. "என்சைம்" என்று போட்ட துணி சோப்பும் அப்படியே. புரதக் கறையைத் தின்னும் என்சைமுக்குக் கம்பளியும் புரதம்தான்.

கேள்வி (மதுரை): எங்க வீட்டுல ஒயின் கிடையாது. நாவல்பழமும் மஞ்சளும்தான்!

நாவல்பழத்தின் ஊதாவும் ஆந்தோசயனின்தான், ஒயினுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். மஞ்சள் வேறு ஜாதி. காரமான சோப்பு பட்டால் சிவக்கும் (சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறோமே), தண்ணீரில் சுலபமாகக் கரையாது. எண்ணெயைப் பாத்திர சோப்பால் எடுத்துவிட்டு அந்த இடத்தை வெயிலில் காட்டுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கிவிடும். மற்ற இடங்களைத் துணியால் மூடிவையுங்கள். ரக்கின் சாயமும் வெயிலுக்கு மங்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அப்பப்பா வாங்கின காஷ்மீர்ப் பட்டுக் கம்பளம். தொடலாமோ?

ஈரத்தை ஒற்றி எடுங்கள், அதோடு நிறுத்துங்கள். மிச்சத்தைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சாயம் ஓடுமா என்று எப்படிச் சோதிப்பீர்கள், எங்கே வைத்துக் கழுவுவீர்கள், எப்படிக் காயவைப்பீர்கள். வீட்டுக்கே வந்து சுழலும் மெஷினால் ஷாம்பு போடுவேன் என்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே எதையாவது பூசியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்களுக்கு ஒயினைவிட அதுதான் அதிகத் தொல்லை.

கேள்வி (அடையாறு): சார், கறை போயிடுச்சு. ஆனா அந்த இடம் மட்டும் வெளுத்துப் பளிச்சுனு தெரியுது. சாயம் போயிடுச்சா?

பின்பக்கம் திருப்பி, அதே நூலின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாயம் போகவில்லை, மீதி ரக் அழுக்கு. கொடியில் போட்டுத் தட்டுங்கள்.